இடியாப்பத்தை அடைகாத்த கதை

சுங்கை சிப்புட்டில் பத்துமலை என்பவன் விற்ற இடியாப்பத்துக்கு யாரும் விளம்பரம் செய்ததில்லை. மாலையானால் கடைத்தெரு முனையில் மோட்டார் சைக்கிளை நிறுத்துவான். பின்னால் கட்டியிருக்கும் பெட்டியைத் திறப்பான். ஆவி எழும், ஆள் வரும். சுற்றியிருந்த தோட்டங்களில் ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்த பிறகும் ஆள் வருவது நிற்கவில்லை. தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் தூவி மடித்துக் கொடுத்துவிட்டால் அவன் பொறுப்பு தீர்ந்தது. உன்னுடைய தொலைநோக்கு என்ன என்று இடியாப்பம் வாங்க வந்த ஒருவரும் அவனைக் கேட்டதில்லை.

பிறகு சாலையை அகலப்படுத்தினார்கள். அவன் மோட்டார் நின்ற இடம் சாலைக்கு நடுவில் போய்விட்டது. லாரிக்காரர்கள் சம்மதித்தால் அங்கேயே நின்று விற்கலாம். பக்கத்தில் ஒரு புதிய உணவு வளாகம் எழும்பியது. கூரை, குழாய்த் தண்ணீர், மின்விசிறி எல்லாம் இருந்தன. அங்கே கடை ஒதுக்கும் அதிகாரம் ஈப்போவிலிருந்த 'தொழில்முனைவோர் அடைகாப்பு உன்னத மையம்' என்ற அமைப்பின் கையில் இருந்தது. முறையாக அடைகாக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே கடை என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள்.

"அடைகாக்கறதுன்னா என்னாங்க?" என்று கேட்டாள் அவன் மனைவி பாப்பா.

"சின்னத் தொழில கதகதப்பா வெச்சிருந்து வளத்து விடுவாங்களாம். அந்த ஆபீஸ்ல ஆர்த்திகான்னு ஒரு மிஸ், போன்ல சொன்னாங்க."

"நம்ம தொழிலு ஏற்கெனவே கொதிச்சிக்கிட்டுத்தானே இருக்கு?"

"கடை வேணும்னா போய்த்தான் ஆவணும்லா."

கூரை உள்ள கடை என்பது பாப்பாவுக்கும் ஆசைதான். மழை நாட்களில் பாதிச் சரக்கு வீட்டுக்குத் திரும்பி வருவதையும், இரண்டு பேரும் மூன்று வேளைக்கு அதையே தின்பதையும் அவள் இத்தனை வருஷமாகப் பார்த்து வருகிறாள்.

மையத்தின் மண்டபத்தில் மீனை ஐஸ் இல்லாமல் வைத்திருக்கலாம், அவ்வளவு குளிர். உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நினைவுப் பை கொடுத்தார்கள். அதில் ஒரு தொப்பி, ஒரு பேனா, 'நான் அடையில் இருக்கிறேன்' என்று நெஞ்சில் எழுதிய பனியன் ஒன்று. பத்துமலைக்கு அளவு சரியாக இல்லை. குளிருக்காகச் சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டான். பக்கத்து நாற்காலியில் மீரா சாஹிப் உட்கார்ந்திருந்தார். அவர் அப்பா காலத்திலிருந்தே புந்தோங்கில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். புதிய வளாகத்தில் ஒரு கிளை போட நினைத்ததால், அவரையும் முட்டை நிலையிலிருந்து தொடங்கச் சொல்லியிருந்தார்கள்.

"எனக்குப் பேரன் இருக்கான் தம்பி," என்றார் அவர். "இப்பத்தான் கருவுல இருக்கேன்னு சொல்றானுங்க."

மையத்தின் இயக்குநர் டாக்டர் ஸ்கந்தராஜா மேடைக்கு வந்தார். அரசாங்கத்தில் பல துறைகளில் பணியாற்றி, அந்தத் துறைகளெல்லாம் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பிறகு ஓய்வுபெற்றவர். கழுத்துப்பட்டை, மேலங்கி, மிக நல்ல குரல். தம் வாழ்நாளில் எதையும் விற்றதில்லை என்பதை அவர் ஒரு தகுதியாகவே முதலில் சொன்னார்.

"அடைகாப்பு என்றால் என்ன? பலரும் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள், ஒருவருக்கும் பொருள் தெரியாது. மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைக்குப் பயன்படுத்துகிறார்கள். நோய்க்கிருமி உடம்புக்குள் வெளித்தெரியாமல் இருக்கும் காலத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். கோழிப்பண்ணையிலும் பயன்படுத்துகிறார்கள். இவை எல்லாம் கொச்சையான பயன்பாடுகள். ஏன்? அங்கெல்லாம் கடைசியில் ஏதாவது வெளியே வந்துவிடுகிறது! நண்பர்களே, ஒரு முட்டையின் பெருமை எது? முழுமையாக இருப்பது. குஞ்சு பொரித்த பின் முட்டை என்னவாகிறது? ஓடாகிறது. குப்பைக்குப் போகிறது. ஆகவே குஞ்சு என்பது முட்டையின் தோல்வி. இந்த மையத்தில் நாம் தோல்வியை அனுமதிப்பதில்லை!"

மண்டபம் கைதட்டியது. பத்துமலையும் தட்டினான். தட்டினால் விரல்களுக்குக் கொஞ்சம் சூடு வந்தது.

அடுத்து ஆர்த்திகா விதிகளை விளக்கினாள். இருபத்தைந்து வயதிருக்கும். சிரித்த முகம். விதிகள் நிறைய இருந்தாலும் முதல் விதி ஒன்றுதான் பத்துமலைக்குத் தெளிவாகக் கேட்டது. அடையில் இருக்கும் காலத்தில் விற்கக் கூடாது.

"மிஸ், நான் டெய்லி விக்கிறவன்," என்றான் பத்துமலை எழுந்து நின்று. "விக்காம எப்படி?"

"அதான் அண்ணே பிரச்சினையே. நீங்க வித்துக்கிட்டே இருந்தா உங்க தொழில் ரெடியா இல்லையான்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"வீட்டுக்காரி விக்கலாமா?"

"குடும்பம் வித்தாலும் ஓடு உடைஞ்ச கணக்குத்தான் அண்ணே. சாரி ஆ." அவள் உண்மையிலேயே வருத்தப்பட்டாள்.

அப்படித்தான் பத்துமலையின் மோட்டார் வீட்டு முன்னால் கவிழ்த்த பெட்டியோடு நின்றது. வீட்டுக்கு வருமானம் வேண்டுமே, பாப்பா கையுறைத் தொழிற்சாலைக்குப் போனாள். கல்யாணத்துக்கு முன்னால் வேலை பார்த்த அதே இடம். காலையில் நீல உடுப்புப் போட்டுப் பேருந்தில் ஏறினால் மாலைவரை நின்றபடி கையுறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொஞ்ச நாளில் அவள் விரல் நுனிகளில் தோல் உரியத் தொடங்கியது. சோற்றில் கை வைக்கும்போது எரிகிறது என்று கரண்டியால் சாப்பிட்டாள். பத்துமலைக்கு அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது. நல்ல உடம்போடு இருக்கும் ஒருவன், மாவு பிசையத் தெரிந்த ஒருவன், பனியன் போட்டுக்கொண்டு ஈப்போவில் குளிரில் உட்கார்ந்திருக்கிறான். கடை கிடைத்த நாளே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடுவேன் என்று சொன்னான். அவள் கரண்டியை வைத்துவிட்டு, "சீக்கிரம் பொரிங்க," என்றாள்.

இரண்டாம் கட்டத்தின் பெயர் சிக்கல் கூற்று. ஒவ்வொரு தொழிலும் உலகத்தின் ஏதாவதொரு சிக்கலைத் தீர்க்க வேண்டுமாம். ஆர்த்திகா வெள்ளைப் பலகையில் ஒரு பெரிய வட்டம் போட்டாள்.

"உங்க இடியாப்பம் என்ன சிக்கலைத் தீர்க்குது அண்ணே?"

"பசி, மிஸ்."

அவள் உதட்டைக் கடித்தாள். "பசியை ஏற்கெனவே நிறைய பேர் தீர்த்துட்டாங்க அண்ணே. புதுசா ஏதாச்சும்?"

பத்துமலை நெடுநேரம் யோசித்தான். "சாயங்காலப் பசி?"

அது முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனாலும் போதவில்லை. மூன்று வாரம் பட்டறை நடத்தினார்கள். முடிவில் பத்துமலையின் இடியாப்பம், 'முன்னாள் தோட்டப்புறச் சமூகங்களில் பிற்பகலுக்கும் இரவுணவுக்கும் இடையே நிலவும் மாவுச்சத்து இடைவெளி'யைத் தீர்ப்பதாக எழுதப்பட்டது. அதைப் பார்க்காமல் ஒப்பிக்கும்படி அவனுக்குச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பாப்பாவிடம் ஒப்பித்துக் காட்டினான்.

"யாருக்குங்க இடைவெளி?"

"நமக்குத்தானாம்."

"எனக்கு இப்பதான் இருக்கு," என்றாள் அவள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி உண்டு. பத்துமலைக்கு வாய்த்தவன் மதீசன். முடியை நெற்றிமேல் தூக்கி வாரிய, எப்போதும் காப்பிக் கோப்பையோடு நடக்கும் இளைஞன். ஒரு தொழிலையும் தொடங்காமலே மூன்று மையங்களில் அடைகாக்கப்பட்டவன். அந்த வட்டாரத்தில் அவனுக்கு நல்ல பெயர். பினாங்கில்கூட அவனைப் பேசக் கூப்பிடுவார்கள்.

"நீங்க என்னா தொழில் தம்பி செய்யறீங்க?" என்று பத்துமலை மரியாதையாகக் கேட்டான்.

"நானா? நான் ஃபவுண்டர், அண்ணே."

"எதுக்கு?"

"அது இன்னும் ஓபனா வெச்சிருக்கேன். சீக்கிரம் முடிவு பண்ணா மார்க்கெட் உங்கள லாக் பண்ணிரும். நீங்க பண்ண பெரிய தப்பு என்னா தெரியுமா? ஸ்ட்ரெய்ட்டா இடியாப்பத்துக்குப் போயிட்டீங்க."

மதீசன் அவனுக்குப் பல நல்ல பழக்கங்களைக் கற்றுக்கொடுத்தான். வாடிக்கையாளர் என்று சொல்லக் கூடாது, பயனர் என்று சொல்ல வேண்டும். இடியாப்பம் என்று சொல்வதைக் குறைத்துக்கொண்டு 'இழை அடிப்படையிலான தீர்வு' என்று சொல்லிப் பழக வேண்டும். விலையைக் கேட்டால் சிரிக்க வேண்டும். பத்துமலைக்குச் சிரிப்பு மட்டும் சரியாக வரவில்லை. விலை கேட்டவருக்கு விலை சொல்வது அவனுக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. அந்தப் பகுதியில் அவனுக்கு மதிப்பெண் குறைந்தது.

நான்காம் கட்டத்தில் மாதிரிச் சந்தை நடந்தது. மண்டபத்தில் மேசைகளைப் போட்டு, அடையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்ள வேண்டும். சரக்கு கிடையாது, காசும் கிடையாது. மீரா சாஹிப் பத்துமலையின் மேசைக்கு வந்து கையை நீட்டினார். பத்துமலை வெறுங்கையால் காற்றை மடித்துக் கொடுத்தான். மீரா சாஹிப் அதை வாங்கிப் பிரித்து, முகர்ந்து பார்த்தார்.

"தேங்காய் பத்தல தம்பி."

ஆர்த்திகா ஓடி வந்து, இது மிகச் சிறந்த பயனர் கருத்து என்று படம் எடுத்துக்கொண்டாள். பத்துமலை காற்றின் மேல் இன்னும் கொஞ்சம் தேங்காய் தூவினான். அன்று அவனுடைய மேசையில்தான் விற்பனை அதிகம் என்று அறிவித்து, இன்னொரு நினைவுப் பை கொடுத்தார்கள். உள்ளே அதே பனியன். மீரா சாஹிப் அதோடு வரவில்லை. அரிசிக்கு ஆள் வருகிறான் என்று சொல்லிப் போனவர் போனவர்தான்.

பத்துமலை போகவில்லை. பாதியில் போனால் கடையும் போகும், பாப்பா உரித்துக்கொண்ட தோலும் வீண். தவிர, ஒரு சங்கடமான விஷயமும் இருந்தது. அவனுக்கு அந்தப் பேச்சு மெல்லப் பழகிக்கொண்டு வந்தது. ஒருநாள் பக்கத்து வீட்டு மகேந்திரன், "அண்ணே, எப்பத்தான் திரும்ப எடியாப்பம் போடுவீங்க?" என்று வேலிக்கு மேலாகக் கேட்டபோது, "அது இப்ப சரிபார்ப்பு நிலையில இருக்கு," என்று பத்துமலையின் வாய் தானாகச் சொன்னது. மகேந்திரன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உடம்பைக் கவனித்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு உள்ளே போனார். பத்துமலைக்குத் தன்னை நினைத்தே பயமாக இருந்தது.

ஒருவழியாகப் பட்டமளிப்பும் வளாகத் திறப்பு விழாவும் ஒரே நாளில் என்று செய்தி வந்தது. தீபாவளிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. பத்துமலைக்குக் கடை ஒதுக்கப்பட்டிருந்தது, அதுவும் முனைக் கடை. ஆர்த்திகா முதல் நாளே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணே, நாளைக்கு வி.ஐ.பி. வரும்போது உங்க கடையில கொஞ்சம் ஆவி வரணும். போட்டோவுக்கு நல்லா இருக்கும். ஆவி மட்டும் போதும், இடியாப்பம் வேணாம்."

"சரி மிஸ்," என்றான் பத்துமலை.

மறுநாள் மாலை விழாவுக்காக மதியமே அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்தான். வெறும் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவன் கைகளுக்கு முடியவில்லை. கை பாட்டுக்கு மாவை எடுத்தது, வெந்நீர் ஊற்றியது, பிசைந்தது. அச்சில் போட்டு அழுத்தியது. பிரம்புத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிறைந்த பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது. கொட்ட மனம் வரவில்லை. மூடியைப் போட்டு அப்படியே வளாகத்துக்குக் கொண்டுபோய், முனைக் கடையின் அடுப்பில் வைத்தான். பார்ப்பவர்களுக்கு ஆவிதானே தெரியும்.

வளாகம் அலங்காரமாக இருந்தது. நுழைவாயிலில் நீளமான பதாகை: 'நூறு விழுக்காடு வெற்றி.' ஒவ்வொரு கடையிலும் உணவுக்குப் பதிலாக உணவின் பெரிய வண்ணப்படம் மாட்டியிருந்தார்கள். மேடையில் ஆள் உயரத்துக்குத் தெர்மாகோலில் செய்த முட்டை ஒன்று நின்றது. கோலாலம்பூரிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். முட்டைக்குள் விளக்கு எரிந்தது. புகை வந்தது. முட்டை அப்படியே இருந்தது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அடுத்து டாக்டர் ஸ்கந்தராஜா பேச வந்தார்.

"நாட்டில் தொடங்கப்படும் சிறு தொழில்களில் பல, சில ஆண்டுகளிலேயே நொடித்துப்போகின்றன. ஆனால் பெருமையோடு சொல்கிறேன், எங்கள் மையத்தில் அடைகாக்கப்பட்ட ஒரு தொழில்கூட இன்றுவரை நொடித்ததில்லை. இதன் ரகசியம் என்ன என்று பலர் கேட்கிறார்கள். ரகசியமே இல்லை. ஒன்றையும் நாங்கள் தொடங்க விட்டதில்லை! அந்தச் சாதனையைக் காப்பதற்காகவே இந்த வளாகத்தையும் இன்றுமுதல் பின்னடைகாப்பு வளாகமாக அறிவிக்கிறேன். பட்டம் பெற்ற தொழில்முனைவோர் அனைவரும் தத்தம் கடைகளில் அமர்ந்து மேலும் முதிர்வார்கள். அவசரப்பட்டு எதையும் விற்க வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு இராது."

பத்துமலை முதலில் அதை வாழ்த்து என்று நினைத்துக்கொண்டான். பக்கத்துக் கடையில் நின்ற மதீசன் சந்தோஷமாகத் தலையாட்டிய பிறகுதான் அவனுக்கு அர்த்தம் உறைத்தது. கையில் சாவி இருந்தது. கடை இருந்தது. கூரை, குழாய், மின்விசிறி எல்லாம் இருந்தன. பாப்பா மட்டும் நாளைக்கும் நீல உடுப்புப் போட வேண்டும்.

சிறப்பு விருந்தினர் கடைகளைப் பார்வையிட வந்தார். மற்ற கடைகளில் படங்களைப் பார்த்துப் பாராட்டிக்கொண்டே வந்தவர், முனைக் கடையில் நின்றார். பத்துமலை மாவுச்சத்து இடைவெளியை ஒரு பிழை இல்லாமல் ஒப்பித்தான். விருந்தினர் சுவரிலிருந்த இடியாப்பப் படத்தை நெருங்கி, கண்களை மூடித் திறந்தார்.

"பிரமாதமான சுவை. தேங்காய் அளவா இருக்கு."

"எல்லாம் உங்கள் ஆசி," என்றார் ஸ்கந்தராஜா. படம் எடுத்தார்கள். ஆவியும் நன்றாக விழுந்தது.

அந்த நேரத்தில்தான் சாலையில் தொழிற்சாலைப் பேருந்து வந்து நின்றது. பகல் வேலை முடிந்த பெண்கள் இறங்கினார்கள், பாப்பாவும் இறங்கினாள். ஆவியின் வாசம் சாலையைத் தாண்டி அவர்களிடம் போயிருந்தது. நீல உடுப்புக் கூட்டம் பதாகைக்குக் கீழே நுழைந்து, விருந்தினரைச் சுற்றிக்கொண்டு நேராக முனைக் கடைக்கு வந்தது.

"அண்ணே, எடியாப்பம்தானே? நாலு கட்டுங்க," என்றாள் முன்னால் நின்ற ஷர்மினி. "காலையில சாப்பிட்டதுலா. கால் நிக்கல."

பத்துமலையின் வாய் திறந்தது. மாவுச்சத்து என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூட்டத்தில் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். உரிந்த விரல்களை உடுப்புக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

ஸ்கந்தராஜா அவன் காதருகே வந்து மெல்லச் சொன்னார். "பத்துமலை, நல்லா யோசிச்சுச் செய்யுங்கோ. இப்ப குடுக்காட்டி நீங்கள் ஒரு தொழில்முனைவர். குடுத்தால் வெறும் கடைக்காரன். விளங்குதா?"

"விளங்குது சார்," என்றான் பத்துமலை. மூடியைத் திறந்தான். "தேங்கா தூக்கலா போடட்டுமா?"

எல்லாரும் நின்றபடியே சாப்பிட்டார்கள். பாப்பா உள்ளே வந்து சர்க்கரைத் தூக்கை எடுத்துக்கொண்டாள். விருந்தினரின் ஓட்டுநர் இரண்டு பொட்டலம் வாங்கிப் போனார். ஆர்த்திகா அழாத குறையாகப் பக்கத்தில் நின்றாள். பாப்பா அவளுக்கும் ஒன்று மடித்துக் கொடுத்தாள். அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய்த் தின்றாள். தட்டுகள் காலியானதும் பத்துமலை கையைத் துடைத்துக்கொண்டு, சாவியை இயக்குநரிடம் தானாகவே நீட்டினான். இயக்குநர் சாவியை வாங்கிக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்தவர்போல் அவன் தோளைத் தொட்டார்.

"இவ்வளவு நாள் வளர்த்தம். கடைசியில வித்துப்போட்டீங்களே."

கூரை போய்விட்டதே என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பத்துமலை வருந்திக்கொண்டே வந்தான். பாப்பாதான் சொன்னாள். "எங்க பெக்டரி கேட்டுக்கு உள்ளாற கூரை போட்ட ஒரு செட் சும்மாத்தான் கெடக்கு. மேனேஜருகிட்ட நாங்க எல்லாப் பொம்பளைங்களும் சேந்து கேக்கறோம். மோட்டர ரெடி பண்ணுங்க." மறுவாரமே அவன் அங்கே நின்றான். வேலை மாறும் நேரத்துக்கு வரிசை வாசல்வரை போனது. பாப்பா நீல உடுப்பை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவன் பக்கத்தில் சர்க்கரைத் தூக்கோடு நின்றாள்.

வளாகத்தில் அவனுக்குப் பதில் மதீசனுக்கு முனைக் கடை கிடைத்தது. அவன் இன்னும் அதை எதற்கென்று முடிவு செய்யவில்லை. ஒரு மாற்றம் மட்டும் நடந்தது. மையம் நேர்மையான அமைப்பு என்பதால், பதாகையைத் திருத்திவிட்டார்கள். பேருந்தில் அதைக் கடந்து வரும் ஷர்மினி ஒருநாள் வரிசையில் நின்றபடி கேட்டாள்.

"அக்கா, அங்க 'ஏறக்குறைய நூறு விழுக்காடு வெற்றி'ன்னு எழுதியிருக்கானே, அது என்னா ஏறக்குறைய?"

பாப்பா பொட்டலத்தை மடித்துக் கொடுத்தாள். பிறகு சந்தோஷம் தாங்காமல் புருஷனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இவருதான்," என்றாள்.